இறைச்சியில் ஒளிந்திருந்த எமன்!

மாட்டிறைச்சியைக் கொத்தி, வடைபோல் தட்டிச் சுட்டு, ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்பது அமெரிக்காவில் வழக்கம். 1993-ம் ஆண்டு அந்தப் பண்டமே எமனாக வந்தது!

சரியாக வேகாத இறைச்சியால் நோய் பரவியது. 700-க்கும் அதிகமானவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். 4 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

கொன்றது ஒரு கிருமி. அதன் பெயர் 'ஈ.கோலை ஓ157'. அது ரத்தபேதியை உண்டாக்கும். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

எங்கிருந்து வந்தது?

இந்தக் கிருமி மாட்டின் குடலில் வாழ்கிறது. மாட்டுக்கு இதனால் நோய் வருவதில்லை. சாணத்தோடு வெளியே வந்து தோலில் ஒட்டிக்கொள்கிறது. தோலை உரிக்கும்போது கத்தியும் கையும் அதைச் சதைமேல் சேர்த்துவிடுகின்றன.

முழுத் துண்டாக இருந்தால், கிருமி மேற்புறத்தோடு நிற்கும். அடுப்புச் சூட்டில் செத்துவிடும். கொத்தினாலோ, உள்ளே புகுந்துவிடும்!

விண்வெளி தந்த வழி

இதைத் தடுப்பது எப்படி? விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960-களில் ஒரு முறை வகுத்திருந்தார்கள். 'கெட்டபின் சோதிக்காதே, கெடும் இடத்தைக் கண்டு முன்பே காப்பாற்று' என்பதே அதன் சாரம். 1996-ல் அமெரிக்க அரசு இறைச்சிக் கூடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சின்னஞ்சிறு கூடங்களுக்கும் 2000-ம் ஆண்டில் இந்த விதி வந்தது.

பெரிய ஆலைகளில் கழுவும் இயந்திரங்கள் உண்டு. சிறு கூடத்துக்கு அவ்வளவு பணம் ஏது? கவலை இல்லை!

* இரண்டு கத்திகள் போதும். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று 82 டிகிரி வெந்நீரில் கிடக்கும். தோலைக் கீறிய கத்தி, கழுவாமல் சதையைத் தொடக்கூடாது.

* தோலின் வெளிப்புறம் சதையில் படக்கூடாது. தோலைத் தொட்ட கையை உடனே கழுவ வேண்டும்.

* குடலின் வாயைக் கட்டிவிட்டுக் கிழியாமல் எடுக்க வேண்டும்.

* சாணம் பட்ட இடத்தைக் கழுவினால் போதாது. வெட்டி எறிய வேண்டும்.

* பிறகு, தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலத்தை நீரில் கலந்து தெளிக்கலாம். 100 பங்கில் 2 முதல் 5 பங்கு போதும். செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானே இதற்குப் போதுமானது!

* கடைசியில் குளிர் அறை. 4 டிகிரி குளிரில் இந்தக் கிருமி பெருகாது. ஆனால் சாகவும் சாகாது.

அடுப்பே கடைசிக் காவல்

எனவே சமைப்பவருக்கும் பொறுப்பு உண்டு. கொத்திய இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி வரை சூடேற வேண்டும். நிறம் மாறியதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்கக்கூடாது.

வெந்நீர், சுத்தமான கத்தி, நன்றாக எரியும் அடுப்பு! குழந்தைகளின் உயிரைக் காக்க இவற்றை யாரும் மறக்கலாகாது.