ஏப்ரல் 23: தேதி ஒன்று, நாள் வேறு

உலகப் புத்தக தினம் வந்தால் ஒரு தகவல் தவறாமல் சுற்றிவரும். ஷேக்ஸ்பியரும், ‘டான் குயிக்ஸாட்’ எழுதிய செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள் என்பதே அது. உண்மையில் ஷேக்ஸ்பியர் கண்மூடியபோது செர்வாண்டிஸை மாட்ரிட்டில் அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது.

காரணம் நாட்காட்டி. ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த நாட்காட்டி, ஆண்டுக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்று கணக்கு வைத்தது. சூரியனின் கணக்கு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிழை சேர்ந்துகொண்டே போய், மார்ச் 21இல் வர வேண்டிய, பகலும் இரவும் சமமான நாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11க்கு வந்து நின்றது. ஈஸ்டர் திருநாளைக் கணிப்பதே அந்த நாளை வைத்துத்தான் என்பதால் திருச்சபைக்கு இது பெரிய சிக்கல். 1582இல் போப் 13ஆம் கிரிகோரி பத்து நாட்களை நீக்கினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. கத்தோலிக்க ஸ்பெயின் உடனே ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கையே வைத்திருந்தது. ஆகவே ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3.

இன்னும் ஒன்று. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22 அன்று. 23 அவரை அடக்கம் செய்த நாள். ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளும் 23தான் என்பது ஓர் ஊகம். நம்மிடம் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் நடந்த ஞானஸ்நானப் பதிவு மட்டுமே. அதிலிருந்து மூன்று நாள் பின்னோக்கி எண்ணிவிட்டார்கள்.

பிறந்த நட்சத்திரத்தையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் புரியும். தஞ்சையில் ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயத்தில் விழா எடுக்கிறோம். அது எந்த ஆங்கிலத் தேதியில் விழும் என்பது ஆண்டுதோறும் மாறும்.

புத்தக தினத்துக்கு ஏப்ரல் 23 வந்த வழியும் சுவையானது. பார்சிலோனாவில் பதிப்பாளராக இருந்த விசென்ட் கிளாவெல் முன்வைத்த யோசனைப்படி 1926இல் ஸ்பெயின் புத்தக தினத்தைத் தொடங்கியது. அன்று தேர்ந்தெடுத்த நாள் அக்டோபர் 7. 1930இல் அதை ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள். கத்தலோனியாவில் அது புனித ஜார்ஜ் திருநாள், ரோஜாப்பூ பரிமாறிக்கொள்ளும் நாள். பூவோடு புத்தகமும் சேர்ந்துகொண்டது. யுனெஸ்கோ 1995இல் இதை உலக தினமாக்கியது. இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. வாசிப்புக்கென ஒரு நாளை மனிதர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே போதிய பெருமை.

ஒரு தேதியில் பலர் வந்து சேர்வதில் அதிசயமும் இல்லை. உலக மக்கள்தொகை 800 கோடி. அதை 365ஆல் வகுத்தால் ஒவ்வொரு தேதிக்கும் சராசரியாக இரண்டு கோடிப் பேருக்கு மேல் பிறந்தநாள். ஏப்ரல் 23இல் குவாண்டம் இயற்பியலுக்கு அடித்தளமிட்ட மாக்ஸ் பிளாங்க்கும், இந்தியப் பெண்களின் கல்விக்காக உழைத்த பண்டித ரமாபாயும் பிறந்தார்கள், இருவரும் 1858இல். எஸ்.ஜானகி பிறந்தது 1938இல், ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில். ‘கொஞ்சும் சலங்கை’யில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு இழைந்த அந்தக் குரலை இன்னொரு முறை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1850இலும், சத்யஜித் ராய் 1992இலும் இதே தேதியில் மறைந்தார்கள். யூடியூபின் முதல் காணொளி 2005இல் இதே தேதியில் ஏறியது. கலிபோர்னியாவில் அப்போது இரவு. இந்தியாவில் 24ஆம் தேதி விடிந்திருந்தது.

இந்தப் பட்டியல்களில் அடிக்கடி விடுபடுவது 1930 ஏப்ரல் 23. உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியிருந்த நேரம். அன்று வடமேற்கு எல்லை மாகாணத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர் கான் அப்துல் கஃபார் கானைக் கைது செய்தார்கள். பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் மக்கள் திரண்டார்கள். கவச வாகனங்கள் கூட்டத்துக்குள் புகுந்தன. ஆயுதமில்லாதவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் பற்றி அரசு சொன்ன எண்ணிக்கையைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. விட்டல்பாய் படேல் தலைமையில் அது தயாரித்த விசாரணை அறிக்கையை அரசு தடை செய்தது.

அந்தக் கொந்தளிப்பில் கார்வால் படைப்பிரிவு வீரர்கள், சந்திர சிங் கார்வாலி தலைமையில், மக்களைச் சுட மறுத்தார்கள். மறுத்த வீரர்கள் இந்துக்கள். எதிரே நின்ற பட்டாணியர்கள் முஸ்லிம்கள். ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941இல்தான் அவர் வெளியே வந்தார்.

அதே ஏப்ரல் 23இல், ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட சத்தியாக்கிரகிகள் தஞ்சை மாவட்டச் சாலைகளில் வேதாரண்யத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அங்கே போய்ச் சேர இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ் கதையைப் போலில்லாமல், இது உண்மையாகவே ஒரே நாள்.

ஏப்ரல் 23க்கு ‘வரலாற்றில் இன்று’ பகுதி எழுதுகிறவர்கள் ஷேக்ஸ்பியருக்கு மூன்று வரி ஒதுக்கினால், சந்திர சிங் கார்வாலிக்கும் கிஸ்ஸா கவானியில் விழுந்தவர்களுக்கும் ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.