உப்பின் இருப்பும் இரத்தத்தின் அளவும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஒரு நாள் ஊறுகாயும் கருவாடுமாக உண்டு, மறுநாள் உப்பில்லாக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாலும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. இரத்தத்திலும், செல்களுக்கு வெளியேயுள்ள பிற நீர்மத்திலும் மிகுதியாகக் கரைந்திருக்கும் நேர்மின் அயனி சோடியம். அதன் அடர்வு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கும். அடர்வு சற்றே ஏறினாலும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுவதோடு, சிறுநீரில் நீர் வெளியேறுவதைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனையும் சுரக்கச் செய்கிறது. இதனால் உடலில் கூடும் சோடியம் தனக்கேற்ற நீரையும் சேர்த்துக்கொள்ள, அடர்வு பழைய நிலையிலேயே நிற்க, நீர்மத்தின் அளவுதான் பெருகுகிறது. ஆகவே இரத்தத்தின் அளவை நீண்டகாலத்தில் தீர்மானிப்பது உடலிலுள்ள சோடியத்தின் மொத்த இருப்பே.

அந்த மொத்த இருப்பை நேரடியாக அளக்கும் உறுப்பு உடலில் எதுவும் இல்லை என்பதுதான் வியப்புக்குரியது. இரத்தக்குழாய்களும் இதய அறைகளும் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதைக் கொண்டே உடல் அதை ஊகிக்கிறது. செயலாற்றும் பொறுப்பு பெரும்பாலும் சிறுநீரகங்களுடையது. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதிலுள்ள சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும். அதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

சிறுநீரகத்தின் நுண்குழல் ஒவ்வொன்றும் கீழிறங்கி வளைந்து மேலேறி, தான் தொடங்கிய வடிகட்டி முடிச்சுக்கு இரத்தம் கொண்டுவரும் குறுந்தமனியைத் தொட்டுச் செல்கிறது. அவ்விடத்தில் குழலின் சுவரிலுள்ள செல்கள் தம்மைக் கடந்து செல்லும் உப்பின் அளவை உணர்கின்றன. தமனிச் சுவரிலுள்ள செல்களோ அழுத்தத்தை உணர்கின்றன. இரண்டில் எது குறைந்தாலும் ரெனின் என்ற நொதி வெளிப்படுகிறது. கல்லீரல் தந்த ஒரு புரதத்தை ரெனின் துண்டிக்க, அத்துண்டு பெரும்பாலும் நுரையீரலில் மேலும் குறுகி ஆஞ்சியோடென்சின் இரண்டு என்ற வடிவம் பெற்று, இரத்தக்குழாய்களைச் சுருக்குவதோடு அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனையும் வரவழைக்கிறது. நுண்குழலின் கடைப்பகுதியில் சோடியத்தை மீட்பது அந்த ஹார்மோனே. ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றில் ரெனினைக் கண்டறிந்து 1898இல் வெளியிட்டனர்.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஹார்மோன் இருப்பது தெளிவாக மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதயத்தின் மேலறைத் தசைச் செல்களில் சுரப்பிகளில் காணப்படுவது போன்ற துகள்கள் இருப்பதை 1950களில் மின்னணு நுண்ணோக்கி காட்டியிருந்தும் அவற்றின் பணி விளங்கவில்லை. 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டும் குழுவினரும் எலியின் மேலறைத் திசுச் சாற்றை வேறு எலிகளின் இரத்தத்தில் செலுத்தியபோது, சிறுநீரில் சோடியமும் நீரும் விரைந்து பெருகின. மிகுதியான இரத்தத்தால் மேலறைச் சுவர் விரியும்போது அத்துகள்களிலிருந்து வெளிவரும் ஹார்மோன், சோடியத்தை வெளியேற்றுமாறு சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. வெறும் இறைப்பியாகக் கருதப்பட்ட இதயம் ஒரு சுரப்பியும்கூட என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது.

ஊகத்தை நம்பி இயங்கும் இந்த ஏற்பாடு இதயம் தளரும்போது தவறிவிடுகிறது. உடலில் நீர்மம் தேவைக்கு மேல் இருந்தும், தளர்ந்த இதயம் போதிய இரத்தத்தைத் தள்ளாததால் சிறுநீரகம் அதை இரத்தக் குறைவு என்றே கொள்கிறது. ரெனின் பெருகி, ஆல்டோஸ்டீரோன் மேலும் சோடியத்தைத் தேக்க, கால்கள் வீங்குகின்றன, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. மேலறையின் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்தும் அதை ஈடுகட்ட இயலாமற்போவதால்தான், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளும், ஆல்டோஸ்டீரோனின் செயலை மறிக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்றவையும் இந்நோயாளிகளுக்குத் தரப்படுகின்றன.