சிப்பின் விலையும் அது குடிக்கும் கரண்டும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான். ஆகவே நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் போர்டான ஆர்டுயினோவின் பெயர் வன்னிப் பிள்ளைகளுக்கு இன்று புதிதல்ல. "அண்ணை, எந்த போர்ட் மலிவு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். "எங்கை வைக்கப் போறாய்? அங்கை கரண்ட் இருக்கோ?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க ஒரு கருவி செய்வதாக வைத்துக்கொள்வோம். 2010இல் வந்த ஆர்டுயினோ ஊனோ, பழகுவதற்கு இன்றும் நல்ல போர்ட். 16 மெகாஹேர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் நினைவகம். கிணற்றுக்கு இது தாராளம். வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் சீனப் பிரதிகள் குவிந்து விலையும் இறங்கிவிட்டது. ஆனால் சும்மா கிடக்கும்போதே அது 40, 50 மில்லியம்பியர் இழுக்கும். 2000 மில்லியம்பியர்-மணிப் பற்றறி இரண்டு நாளில் படுத்துவிடும்.

இதில் சிப்பைக் குறை சொல்லக் கூடாது. ஏடிமெகா 328 என்ற அந்தச் சிப்பை நித்திரையாக்கினால் சில மைக்ரோஅம்பியரோடு அடங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் ரெகுலேற்றரும் யூஎஸ்பி சிப்பும் பச்சை விளக்கும்தான் விடிய விடிய விழித்திருந்து கரண்டைத் தின்கின்றன. அதனால் ஊனோவை வீட்டு மேசையிலேயே விடுங்கள். 28 கால் உள்ள தனிச் சிப் ஒன்றை வாங்கி, அந்த ஊனோவைக் கொண்டே அதற்குள் நிரலை ஏற்றலாம். உள்ளேயே 8 மெகாஹேர்ட்ஸ் கடிகாரம் இருப்பதால் கிறிஸ்ரல்கூடத் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்பி அளந்துவிட்டுத் திரும்பப் படுத்தால் பற்றறி மாதக்கணக்கில் வரும். தனிச் சிப்பை விடப் பிரதிப் போர்டே மலிவாகக் கிடைப்பதும் உண்டு. அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பற்றறியின் அருமையை வன்னிச் சனத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றறியே வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் இது.

அளவைத் தொலைபேசியில் பார்க்க ஆசைப்பட்டால் கதை மாறும். ஷங்காய் எஸ்பிரெசிப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 (2014), இஎஸ்பி32 (2016) இரண்டிலும் வைஃபை உள்ளேயே இருக்கிறது. ஆனால் செய்தி அனுப்பும் கணத்தில் நூற்றுக்கணக்கான மில்லியம்பியர் கேட்கும். ரவுட்டருக்குக் கிட்டவும் நிற்க வேண்டும். வீட்டு முற்றத்துத் தண்ணீர்த் தாங்கிக்குச் சரி, வயலுக்குச் சரிவராது. அவை 3.3 வோல்ற் சிப்புகள் என்பதையும் மறக்கக் கூடாது. தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 உணரி 5 வோல்ற்றில் பதில் சொல்லும். இடையில் 1 கிலோஓம், 2 கிலோஓம் தடையிகள் இரண்டைப் போட்டு அதைக் குறைக்க வேண்டும். சில ரூபாய்த் தடையி, போர்டைக் காப்பாற்றும்.

அந்த உணரி ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்கிறது. ஒலி 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு 343 மீற்றர் போகும். 35 பாகையில் ஏறத்தாழ 352. நான்கு மீற்றர் ஆழத்தில் இது மட்டும் பத்துச் சென்ரிமீற்றர் பிழை. சித்திரை வெயிலில் மேலே ஒரு சூடு, கிணற்றுக்குள் வேறொரு குளிர். வெப்பநிலை உணரி ஒன்றையும் உள்ளே இறக்கிவிடுவது புத்தி.

2021 ஜனவரியில் நான்கு டொலருக்கு வந்த ராஸ்பெரி பை பிகோ என்ற போர்டுக்கு 264 கிலோபைட் தற்காலிக நினைவகம்; நிரலை ஏற்றத் தனிக் கருவி வேண்டாம், யூஎஸ்பி வயர் போதும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, அதே நான்கு டொலர் 800 ரூபாயிலிருந்து 1,440 ஆனது. அதைவிடவும் மலிவு வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து அமெரிக்கச் சதத்துக்கு சிஎச்32வி003 என்ற சிப் இருக்கிறது. ஆனால் அதற்கு நிரல் ஏற்றும் கருவியைத் தனியே வாங்க வேண்டும். நெருக்கமான கால்களை ஈயம் வைத்துப் பிடிக்கக் கை பழக வேண்டும். நூறு செய்து விற்பவருக்கு அது இலாபம், ஒன்று செய்பவருக்கு நட்டம்.

இரண்டாவது போர்ட் வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் கரண்டை அளக்க ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். போர்டைச் செருகியும் கணினிக்கு அது தெரியவில்லை என்றால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். தொலைபேசிக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் யூஎஸ்பி வயர்களுக்குள் தரவுக் கம்பிகளே இருக்காது. வயரை மாற்றிப் பாருங்கள்.