உபதேசியாரின் புள்ளிக் கணக்கு

வீரமாமுனிவர்னா தேம்பாவணியும் சதுரகராதியும்தான் நமக்கு ஞாபகம் வரும். 'வேதியர் ஒழுக்கம்'னு ஒரு உரைநடை நூலும் எழுதியிருக்கார். இங்கே வேதியர் என்றால் உபதேசியார். குருவானவர் எப்போதாவது வந்துபோகிற ஊர்களில் ஜெபம் சொல்லி, ஞானோபதேசம் கற்பித்தவர். ஊருக்குச் சொல்கிறவர் முதலில் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

எப்படிப் பார்ப்பது? முனிவர் சேர்ந்திருந்த இயேசு சபையிடம் ஒரு வழி இருந்தது. சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548இல் அச்சானது. அதன்படி, ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். மதியமும் இரவும் யோசித்து, தவறின தடவைக்கெல்லாம் கோட்டில் ஒரு புள்ளி. பிறகு நாளோடு நாளை, வாரத்தோடு வாரத்தை ஒப்பிட வேண்டும். எங்க தொழில் பாஷையில் இது லாக் ஃபைல்.

இன்றைய மறைக்கல்வி ஆசிரியருக்கும் இது பொருந்தும். போடியில் விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவரின் பிள்ளை, "சாமி எல்லாரையும் பாத்துக்கிறார்னா எங்கம்மா மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறாங்க?" என்று கேட்டால்? "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று அடக்கினால் ஒரு புள்ளி. யார் வந்தார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லிவிடும். அடக்கப்பட்ட கேள்வியை இந்தப் புள்ளி மட்டும்தான் காட்டும். நாலு வாரம் வைத்துப் பார்க்கலாம். ஒரு பென்சிலும் நோட்டும் போதும்.