கியர்பொக்ஸ் மாட்டும்போது அவசரம் வேண்டாம்

கொழுந்து லொறிக்குப் பழைய கியர்பொக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். கடைசி அரை அங்குலம் உள்ளே போகவே மாட்டேங்குது. "போல்ட்டை முறுக்கு, தானா வந்துரும்" என்பார் ஒருவர். செய்யாதீர்கள்! கியர்பொக்ஸின் காது வெடிக்கும். கிளட்ச் பிளேட்டின் நடு வளையும். பிறகு மிதித்தாலும் கிளட்ச் விடாது. மலைப்பாதையில் கியர் விழாவிட்டால் என்ன கதி? பின்னால் இருப்பது கொழுந்து மட்டுமா, நம்ம ஆட்களும்தானே!

கழற்றிப் பார்க்க வேண்டியவை மூன்று:

1. கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் இருக்கிறதா? பழைய ஷாப்ட் ஒன்றைச் செருகி, நடுப் பார்த்த பின்பே இறுக்க வேண்டும்.

2. ஷாப்ட்டின் பற்கள் பிளேட்டுக்குப் பொருந்துகின்றனவா? தூக்குமுன் கையால் போட்டுப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

3. ஷாப்ட்டின் நுனி, பிளைவீல் நடுவிலுள்ள சின்னப் பெயாரிங்குக்குள் போகிறதா? பருமனையும் நீளத்தையும் பழையதோடு அளந்து பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் கையால் தள்ளினாலே இடைவெளி மூடிவிடும். போல்ட் பிடிப்பதற்குத்தான், இழுப்பதற்கல்ல.

இன்னொன்று: கியர்பொக்ஸ் கழன்றால் கியரில் நிறுத்திய பிடியும் போய்விடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்திய பின்பே அடியில் போங்கள்.