மாற்றாள் எழுப்பிய வீடு
மண்ணும் மனையும் – பகுதி 9

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையில் உள்ள திருவெறும்பூரைச் சுற்றிய சிற்றூர்களில் ஏரிக்கரை வீடு என்பது கரையின்மேல் நிற்கும் வீடு அன்று. கரைக்கு வெளிப்புறத்தில், மதகு வழியே பாயும் நீரால் விளையும் நிலப்பரப்பாகிய ஆயக்கட்டின் ஓரத்தில், நெல்லடிக்கும் களத்துமேட்டை ஒட்டி எழுந்த வீடே அது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரை ஊடறுத்து வந்து, இவ்வட்டாரத்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. அந்த ஏரிக்கும் கூத்தைப்பார் ஏரிக்கும் கீழுள்ள ஊர்களில், ஒரு குடும்பத்தார் தம் பங்காளிகளையும் மாமன் மச்சான்மாரையும் கூட்டிக்கொண்டு மண்ணாலும் கீற்றாலும் வீடு எழுப்பிய முறையே இந்தப் பகுதியின் பொருள்.

வீடு கரைக்கு வெளியே தள்ளி நிற்பதற்குக் காரணம் ஏரியின் அமைப்பிலேயே இருக்கிறது. பின்லாந்தில் குடும்பத்தார் கோடைக்குத் தங்கும் குடில்கள் 5 லட்சத்தை ஒட்டி உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை நீர்க்கரையை அடுத்தே நிற்கின்றன. அங்குள்ள ஏரிகள் பனியூழி விட்டுச் சென்ற இயற்கைப் பள்ளங்கள் என்பதாலும், கரையோர நிலம் தனியார் உடைமையாக இருக்க முடியும் என்பதாலும் அது இயல்கிறது. தமிழ்நாட்டு ஏரியோ பாசனத்துக்காக மனிதர் கட்டிய அமைப்பு. அதன் ஒரு பக்கம் மண்ணால் உயர்த்திய கரை, மறுபக்கம் மழைக்காலத்தில் நீர் பரந்து கோடையில் சுருங்கும் நீர்ப்பிடிப்பு. கரையைத் தோண்டினால் ஏரி உடையும். நீர்ப்பிடிப்பில் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு மூழ்கும். இவ்விரண்டும் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு, அதாவது எவருக்கும் பட்டா இல்லாத பொது நிலம் என்பதோடு, ஏரிகளின் பாதுகாப்புக்காகவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1977, 2005 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தைக் கண்ட திருச்சிப் பகுதியில், தண்ணீருக்கு உரிய இடத்தைத் தண்ணீருக்கே விடவேண்டும் என்பதைச் சட்டம் வந்துதான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வீடு கட்டும் பருவத்தையும் ஏரியே வகுத்தது. சம்பா அறுவடை தையில் முடிந்ததும் வயலில் வேலை குறைகிறது. புதிய வைக்கோல் களத்தில் குவிகிறது. காவிரிப் பாசனத்துக்காக மேட்டூர் அணையிலிருந்து விடப்படும் நீர் வழக்கமாக ஜனவரி 28இல் நிறுத்தப்படுவதால் வாய்க்கால் வறண்டு, பங்குனி, சித்திரையில் ஏரியின் அடித்தளம் வெடித்துக் காய்கிறது. ஆள், வைக்கோல், களிமண், வெயில் ஆகிய நான்கும் ஒருசேரக் கிடைக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றே. ஆடியில் மனைவேலை தொடங்கலாகாது என்னும் நம்பிக்கைக்கு இவ்வட்டாரத்தில் வலுவான வேறொரு பொருளும் உண்டு: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் திருச்சிச் சமவெளியில் ஓயாது வீசுவதால், பாதி வேய்ந்த கூரை அக்காற்றில் நிலைக்காது.

வேலையின் முதற்படி வானம் தோண்டுவது, அதாவது கடைக்காலுக்கான பள்ளத்தை எடுப்பது. ஏரிக்குக் கீழுள்ள நிலத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஈரக்கசிவு இருப்பதால், பள்ளத்தில் கல்லும் சரளையும் இட்டு இறுக்கி, தரைமட்டத்துக்கு மேல் முழங்கால் உயரத்துக்கேனும் மேடை எழுப்பிய பிறகே சுவர் தொடங்கும். ஏனெனில் மண்சுவர் தலையில் விழும் மழையை ஓரளவு தாங்கினாலும் காலடியில் தேங்கும் நீரைத் தாங்குவதில்லை. சுவருக்கான மண்ணைக் கலப்பதில்தான் ஊரின் தேர்ச்சி வெளிப்பட்டது. ஏரிக்களி தனியே நின்றால் காயும்போது சுருங்கி வெடிக்கும். செம்மண்ணோ மணலோ தனியே நின்றால் பிடிப்பின்றி உதிரும். ஆகவே இரண்டையும் கலந்து, நறுக்கிய வைக்கோலையோ நெல் உமியையோ சேர்த்து, நீர் விட்டு மிதித்து, ஓரிரு நாள் புளிக்க விட்டனர். புளிக்க விடுதல் என்பது, நீர் களியின் நுண்துகள்களுக்குள் முழுதும் ஊறி, வைக்கோல் இளகி, குழம்பு முழுவதும் ஒரே பதமாகும்வரை காத்திருப்பதாகும். பதத்தை அளக்கக் கருவி ஏதும் இல்லை. உருட்டிய உருண்டையைக் கீழே போட்டால் அது சிதறாமலும் தட்டையாகாமலும் கிடக்க வேண்டும் என்பதே சோதனை.

சேறு மிதிப்பதற்குத்தான் உறவினர் திரளாகத் தேவைப்பட்டனர். மண்சுவர் படை படையாக எழுவது. ஒரு படை என்பது ஒரு முறை வைக்கும் ஏறத்தாழ ஒன்றரை அடி உயர மண்வரிசை. ஒரு படை நான்கு சுவர்களிலும் ஒரே நாளில் முடியாவிட்டால், காய்ந்த பகுதியும் ஈரப்பகுதியும் சேரும் இடத்தில் செங்குத்தாகப் பிளவு விழும்; ஒரே நாளில் முடித்த பின்னரோ, அது தன் எடையையும் அடுத்த படையின் எடையையும் தாங்கும் அளவுக்கு இறுகச் சில நாள் வெயிலில் காய வேண்டும். ஒரு நாள் இருபது கைகளையும், அடுத்த சில நாள் வெறுங்காத்திருப்பையும் மாறிமாறிக் கேட்கும் இந்த வேலைக்கு நாட்கூலி முறை பொருந்தாது. சொல்லியனுப்பினால் வந்து, ஒரு படையை முடித்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பி, காய்ந்ததும் மீண்டும் வரக்கூடிய ஆள்கள் வேண்டும். ஒரே ஊரிலும் அடுத்த ஊரிலும் வாழும் உறவினரன்றி அத்தகையவர் எளிதில் கிடைப்பதில்லை. உறவு முறைதான் இந்தச் சுவரைத் தாங்கியது என்பதை உணர்ச்சிக்காகச் சொல்லவேண்டியதில்லை. களிமண் காயும் வேகமே அதற்குச் சான்று.

இவ்வாறு கூலியின்றி வந்து உழைப்பதும், வந்தவர் வீட்டில் வேலை விழும்போது அதே அளவு திருப்பிச் செய்வதும் மாற்றாள் எனப்பட்டது, பேச்சில் மாத்தாள். நடவு, கதிரறுப்பு முதலியவற்றிலும் வழங்கிய இம்முறையில் பணம் கைமாறவில்லை, ஆனால் கணக்கு இருந்தது. இரண்டு மகன்களை அனுப்பிய பங்காளிக்கு இரண்டு ஆள் திரும்பிப் போகவேண்டும். வரமுடியாதவர் மாட்டுவண்டியையோ பத்து மூங்கிலையோ கொடுத்து ஈடு செய்யலாம். வேலை நடக்கும் நாள்களில் சோறு வீட்டுக்காரர் பொறுப்பு. காலையில் கூழும் மோரும், உச்சியில் சுடுசோறும் குறைவின்றிப் போடாத வீட்டுக்கு அடுத்த படைக்கு ஆள் குறைந்துவிடும். தாய்மாமனின் இடம் மட்டும் இக்கணக்குக்கு வெளியே இருந்தது: வாசல்நிலை நிறுத்தும் நாளிலும் பால் காய்ச்சும் நாளிலும் அவர் கொண்டுவரும் சீர் திருப்பித் தரவேண்டிய கடனாக அன்று, உரிமையாகவே கருதப்பட்டது.

சுவர் தலைமட்டத்தை எட்டியதும் கூரைச் சட்டகம் தொடங்கும். உச்சியில் கவையுள்ள கால்களை நட்டு, அவற்றின்மேல் முகட்டுவளையைக் கிடத்தி, முகட்டிலிருந்து சுவர்வரை கைமரங்களைச் சரித்து, அவற்றின் குறுக்கே மூங்கிலை வகிர்ந்த வரிச்சுகளைக் கட்டுவர். கைமரத்துக்கு வைரம் பாய்ந்த, அதாவது தண்டின் வெளிப்பகுதி கறுத்து இறுகிய முதிர்ந்த பனையே விரும்பப்பட்டது. இளம்பனை கரையானுக்கு இரையாகும். கூரைச் சரிவு கூர்மையாக இருக்கவேண்டியதற்குக் காரணம், கீற்று நீரைத் தடுப்பதில்லை, வழியவிடுகிறது என்பதே. சரிவு குறைந்தால் நீர் தங்கி அடுக்குகளுக்குள் இறங்கி மட்கச் செய்யும். கூரையின் தாழ்ந்த விளிம்பாகிய இறவாணம், ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருந்ததால் சாரல் சுவரைத் தொடவில்லை. திண்ணையிலும் வெயில் ஏறவில்லை.

கீற்று முடைவது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. வீடு கட்டுவதை ஆண்களின் தொழிலாகவே பேசும் எழுத்துகள் இதைக் கவனிப்பதில்லை என்பது பெருங்குறை. தென்னை மட்டையை நடுவே பிளந்து, நீரில் சில நாள் ஊறப்போட்டு, இலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மடித்துப் பின்னிக் கீற்றாக்குவர். ஊறுவதால் ஓலை ஒடியாமல் வளைகிறது. பூச்சியை ஈர்க்கும் சாறும் ஓரளவு கரைந்து வெளியேறுகிறது. ஒரு சிறு வீட்டுக்கே நூற்றுக்கணக்கான கீற்றுகள் வேண்டியிருந்ததால், சுவர் எழுவதற்கு முன்பே அத்தை, சின்னம்மா, நாத்தனார், ஓரகத்தி என்று வீட்டுப் பெண்கள் மரநிழலில் உட்கார்ந்து முடைந்து அடுக்கத் தொடங்கினர். வேயும்போது இறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் பெரும்பகுதியை மூடுமாறு கட்டிச் செல்வர். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால் அப்பக்கத்துக் கட்டுகள் நெருக்கமாகவும், மேலே கயிறு குறுக்கிட்டு இழுத்தும் அமையும்.

தென்னங்கீற்றின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். பனையோலை அதனினும் சற்று நீடிக்கும். இந்தக் குறுகிய ஆயுளைக் குறையாகவே கருதுவது வழக்கம். ஆனால், மாற்றாள் முறை தலைமுறைகளாகத் தொடர்ந்ததற்கு அதுவே அடிப்படை என்று கருத இடமிருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை மட்டும் நிகழும் வேலைக்கு உழைப்பைக் கடனாகக் கொடுத்தவர், அதைத் திரும்பப் பெறும் உறுதி குறைவு. கூரையோ எல்லா வீடுகளிலும் வெவ்வேறு ஆண்டுகளில் மட்கியதால், ஒவ்வொரு கோடையிலும் உறவில் எவரேனும் ஒருவருக்கு வேயும் வேலை வந்தது. கடன் தீர்வதற்குள் அடுத்த கடன் தொடங்கியது. இளைஞர் அண்ணன் வீட்டுக் கூரையில் கட்டுப்போடக் கற்றுத் தம் வீட்டுக் கூரையை வேய்ந்தனர். கயிற்றின் முடிச்சும் கீற்றின் மடிப்பும் எழுத்தின்றிக் கைவழியே இறங்கின.

இம்முறையைப் போற்றும்போது அதன் எல்லையையும் சொல்லியாகவேண்டும். உறவின் எல்லை சாதியின் எல்லையாகவும் இருந்தது. நிலவுடைமையாளர் வீட்டுச் சேற்றை மிதித்த பண்ணையாளின் உழைப்பு மாற்றாளாகத் திரும்பவில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் பண்ணையாள்கள் தாமே எழுப்பிய குடிசை நின்ற மண்கூட நிலவுடைமையாளருக்கு உரியதாக இருந்ததால், வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டியிருந்தது. அந்நிலையை மாற்றி, குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே உடைமையாக்கிய தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் 1971இல் வந்தது. கையால் கட்டிய வீட்டின் வரலாற்றில் எந்தக் கட்டடக்கலை நுட்பத்தைவிடவும் அந்தச் சட்டத்துக்குக் கூடுதலான இடம் உண்டு.

கீற்றின் மற்றொரு குறை தீ. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரை தடைசெய்யப்பட்டது. எட்டு லட்சம் குடிசைகளுக்கு மாற்றாக 2030க்குள் கான்கிரீட் வீடுகள் கட்டும் இலக்குடன், வீடொன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தீக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு இது நியாயமான உரிமை. குடிசையின் அழகைக் காட்டி அதை மறுப்பது, அதில் வாழாதவரின் பேச்சாகவே இருக்கும்.

ஆயினும் கான்கிரீட் வீட்டில் உறவினரின் வேலை வேறாகிறது. தளம் போடும் நாளில் கலவை இறுகுவதற்குள் எல்லாம் முடியவேண்டும் என்பதால் கலவை இயந்திரமும் கூலிக்குழுவும் வருகின்றன. கம்பி கட்டுவோர், பலகை அடிப்போர், கொத்தனார், சித்தாள் என்று வேலை தொழிலாகப் பிரிந்துவிடுகிறது. 1960களில் திருவெறும்பூரில் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், அதைச் சார்ந்து துவாக்குடியில் பெருகிய பட்டறைகளும் மாதச் சம்பளத்தையும் ஷிப்ட் நேரத்தையும் இவ்வூர்களுக்குக் கொண்டுவந்த பின், படை காயக் காத்திருந்து மீண்டும் வரும் ஆள் முன்னரே குறைந்திருந்தார். உறவினர் இப்போது புதுமனை புகுவிழாவுக்கு வந்து மொய் எழுதுகின்றனர். அதுவும் திருப்பிச் செய்யவேண்டிய கணக்குதான், நோட்டில் எழுதப்பட்டு நெடுநாள் நிற்பதும்கூட. ஆனால் மொய்ப்பணத்தோடு முடிச்சும் மடிப்பும் கைமாறுவதில்லை.

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளி தம் வீட்டு வேலையில் தாமே உழைக்கும் 90 நாள்களுக்குத் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியைப் பெற வழிசெய்யப்பட்டது. தன் வீட்டுக்குத் தான் உழைப்பதும் ஊதியத்துக்குரிய உழைப்பே என்று அரசின் ஏட்டில் பதிவானது நல்ல தொடக்கம். அந்த ஏட்டில் இன்னும் இடம் பெறாதவர், அந்த வீட்டுக்கு உழைக்க வரும் மைத்துனரும் பங்காளியும், கீற்று முடைந்த அத்தையுமே.