லாரியின் முன்னச்சு: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரி, மிளகு, சுக்கு, ஏலம் முதலிய மலைவிளை பொருள்களின் வாணிகத்திற்குப் பன்னெடுங்காலமாகப் பெயர் பெற்றது. முன்னாளில் பெரும்பாலும் படகுகளில் வந்திறங்கிய சரக்கு இன்று லாரிகளில் வருகிறது. அடிமாலி, நேரியமங்கலம் வழியாக மலைப்பாதையில் இறங்கும் லாரியில் பிரேக்கை அழுத்துந்தோறும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. அதைத் தாங்குவது முன்னச்சு. மழைநீர் மூடிய பள்ளத்திலோ, குறுகிய கடைவீதியின் கல்விளிம்பிலோ சக்கரம் வேகமாக மோதினால் அச்சு வளைந்துவிடக்கூடும். அவ்வாறு வளைந்த அச்சைக் காய்ச்சி நிமிர்த்தலாமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

முன்னச்சு காய்ச்சி அடித்து உருவாக்கப்பட்ட உருக்குத் துண்டாகும். அதன் நடுப்பகுதி, ரயில் தண்டவாளத்தைப் போன்று, மேலும் கீழும் அகன்று இடையில் மெலிந்திருக்கும். குறைந்த எடையில் வளைவை எதிர்க்க இவ்வமைப்பே சிறந்தது. வில்பட்டைகள் அமரும் இடத்திற்கு வெளியே, பிரேக்கினால் முறுக்குவிசை உண்டாவதால், அப்பகுதி பெரும்பாலும் நீள்வட்ட வடிவில் அமைக்கப்படுகிறது. இரு முனைகளிலும் 'கிங் பின்' எனப்படும் முளைகள் உண்டு. சக்கரங்கள் இவற்றைச் சுற்றியே திரும்புகின்றன.

அச்சு சிறிதளவு வளைந்தாலும் முளைகளின் சாய்வு மாறிவிடும். டயர் ஒரு பக்கமாகத் தேய்தல், வண்டி ஒரு புறமாக இழுத்தல், திருப்பத்திற்குப் பின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாமை ஆகியவை இதன் அறிகுறிகள். தேய்ந்த முளையும் புஷ்ஷும் இத்தகைய கோளாறுகளை உண்டாக்குமாதலால், அவற்றை முதலில் சோதித்தல் வேண்டும்.

வளைந்த அச்சை உலையிலோ வாயுச் சுடரிலோ செந்நிறமாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவது எளிய வழியாகத் தோன்றும். உண்மையில் இதுவே பெருந்தீங்கு. அச்சின் உருக்கு ஆலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. செந்நிற வெப்பம் அப்பதத்தைக் குலைத்துவிடும். சூட்டுடன் நீரில் தோய்த்தாலோ உருக்கு எளிதில் முறியும் தன்மையை அடையும். இரு நிலைகளிலும் அச்சு கண்ணுக்கு நேராகவே காணப்படும். வலிமை குன்றியது, மலைச்சரிவில் பாரத்துடன் அது ஒடியும்பொழுதுதான் தெரியவரும். விரிசலை வெல்டிங் செய்து மூடுவதும் இத்தகையதே.

ஆகவே அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் முதலில் விரிசல் தேடவேண்டும். மண்ணெண்ணெய் தடவி, நன்கு துடைத்து, சுண்ணப்பொடி பூசினால், விரிசலினுள் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். காந்தத்தூள் சோதனை இதனினும் நம்பத்தக்கது. விரிசல் கண்ட அச்சைக் கழித்துவிடவேண்டும். விரிசலின்றிச் சிறிது வளைந்ததை, தயாரிப்பாளர் அனுமதித்தால், அவர் குறித்த எல்லைக்குள், காய்ச்சாமல், நீரழுத்த இயந்திரத்தால் நிமிர்த்தலாம். பின்னர் மீண்டும் விரிசல் சோதனை அவசியம்.

பழைய லாரிகளுக்குக் கழிவு வண்டிகளின் அச்சை வாங்கிப் பொருத்துவதுண்டு. பாக எண் ஒத்திருப்பது மட்டும் போதாது. சம்மட்டித் தழும்பு, வெல்டிங் தடம், நீலம் பாய்ந்த சூட்டுக்கறை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அதனை விலக்குக.

மாற்றும்பொழுது பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கு ஆபத்து. யூ போல்ட்டுகளையும் அவற்றின் நட்டுகளையும் புதியனவாக இடுதல் நலம். வில்பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு இருப்பின், அதன் தடித்த முனை இருந்த திசையைக் குறித்துக்கொள்ளவேண்டும். அது மாறினால் முளையின் சாய்வு பிழைபட்டு, சக்கரம் நடுங்கக்கூடும். இறுதியில் சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் முறுக்கவேண்டும்.

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டுமென்பது விதி. ஆயினும் வர்ணம் பூசிய அச்சினுள் மறைந்த சூட்டின் தீங்கைப் பார்வையால் மட்டும் அறிதல் அரிது. எனவே அச்சைக் காய்ச்சாதிருக்கும் பொறுப்பு பட்டறையையே சார்ந்தது.